எண்பத்தாறு புள்ளி பதினொன்றில் யாரோ

லியோனா குபியாக் வாழ்நாளில் எதையும் வாடகைக்கு எடுத்தவள் இல்லை. கல்யாணக் கவுனைத் திரைச்சீலைத் துணியில் தானே தைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஃப்ளோரியனுக்குக் கோட்டு மட்டுமாவது வாடகைக்கு எடுக்கலாமே என்று மாமியார் கேட்டதற்கு, "யாரோ போட்டுக் கழட்டின கோட்டுல நிக்கிறவனை நான் கட்டிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம். அவன் ஸ்வெட்டரோடு வந்து நின்றான். போட்டோ இருக்கிறது.

பஃபலோ நகரத்தின் கிழக்குக் கோடியில், கைசர்டவுனில், அவள் வீடும் என் வீடும் எதிரெதிர். என் பெயர் மார்சி. வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு நாற்காலி போட்டு முடி வெட்டுகிறேன். தலையைக் கொடுக்க வருகிறவர்கள் வாயையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள் என்பதால் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத சங்கதி குறைவு. லியோனாவைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தது.

பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள் அவள். ஃப்ளோரியன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள். பழைய டிவி புகை விட்டுச் செத்ததும், சுவர் அகலத்துக்குத் தட்டையான புது டிவி ஒன்றை வாங்கினாள். கேபிள் கம்பெனிக்கு போன் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேசிய பெண் சின்னப் பெண் போலிருக்கிறது, பாவம்.

"செட்டாப் பாக்ஸ் இல்லாம எச்.டி. வராது மேடம். பாக்ஸை மாச வாடகைக்கு நாங்களே தருவோம்."

"டிவி யாரோடது?"

"உங்களோடதுதான் மேடம்."

"கம்பி வர்ற சுவரு?"

"அதுவும் உங்களோடது."

"மாசாமாசம் கேபிளுக்குக் கட்டுறேனே, அது யாரோட பணம்?"

"மேடம்…"

"எல்லாம் என்னோடதா இருக்கு. நடுவுல உங்க பெட்டிக்கு என்னம்மா வேலை?" என்று போனை வைத்தாள்.

சுவரிலிருந்து வந்த கம்பியை நேராக டிவியின் முதுகில் திருகினாள். டிவியே சேனல்களைத் தேடிக்கொள்ளும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு, பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல முன்னால் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் தேடிக் களைத்து டிவி ஒரு கூட்டம் சேனல்களைக் கொண்டுவந்து கொட்டியது. நம்பர்கள்தான் விசித்திரம். இரண்டாம் சேனல், நாலாம் சேனல் என்று காலங்காலமாக நாங்கள் அறிந்தவையெல்லாம் எண்பத்தாறு புள்ளி ஒன்று, நூற்றிரண்டு புள்ளி ஏழு என்று புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஆனால் படம்! உள்ளூர்ச் சேனல்கள் அத்தனையும் கண்ணாடி துடைத்த மாதிரி. எச்.டி. வராது என்றார்கள், பெட்டியே இல்லாமல் வந்துவிட்டது.

"மார்சி, ஓடி வா," என்று போன் செய்தாள். "செய்தி வாசிக்கிறவன் இன்னிக்கு ஷேவ் பண்ணாம வந்திருக்கான். தாடையில முள்ளு முள்ளா தெரியுது!"

அந்த இலையுதிர் காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் திருவிழாதான். எங்கள் ஊர் ஃபுட்பால் ஆட்டத்தில் புல்வெளியின் சேறுகூடத் தெரிந்தது. கோழி இறக்கைகளைக் கடித்துக்கொண்டு பத்துப் பேர் அவள் கம்பளத்தில் உட்கார்ந்து, நம்ம பசங்கள் தோற்பதை இவ்வளவு துல்லியமாக இதுவரை பார்த்ததே இல்லை என்று வியந்தோம். கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் சேனல்களை இடம் மாற்றுவான். லியோனா அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்துவாள். அப்படி ஒரு மறுதேடலில்தான் அந்த எண்பத்தாறு புள்ளி பதினொன்று வந்து மாட்டியது.

"என் டிவிக்குப் பேய் பிடிச்சிருக்கு," என்றாள் என் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு. அவள் சிரிக்கவில்லை. "படம் ஓடிட்டிருக்கும், திடீர்னு நிக்குது. அப்புறம் பின்னாடி போகுது. நான் ரிமோட்டைத் தொடவே இல்லடி."

புயலில் அறுந்த கம்பியைக் கட்ட வந்த கம்பெனி ஆளைப் பிடித்துக் காப்பி கொடுத்துக் கேட்டோம். அவன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "பேயெல்லாம் இல்லம்மா. பாக்ஸ் வச்சிருக்கிறவங்க காசு கட்டி ஒரு படம் கேட்டா, அது இந்தக் கம்பியிலதான் வருது. ஓடையிலேந்து சர்ச் வரைக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பி. பூட்டாம அனுப்புறாங்க, உங்க டிவி புடிச்சிக்குது. அவங்க நிறுத்தினா உங்களுக்கும் நிக்கும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவன் போனதும் நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சிறு வயதில் நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பிதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பேசும்போது மெல்ல எடுத்துக் கேட்காத பெண்பிள்ளை இந்தத் தெருவில் கிடையாது. கேட்டதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையில் வளர்ந்தவள் லியோனா. திருட்டுத்தனமாகப் பார்ப்பது தப்பா என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எந்த வீடு என்பதை மட்டும்தான் யோசித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சர்ச் ஹாலில் வாராவாரம் போடும் மீன் வறுவலுக்கு நான் கூப்பிடப் போனபோது, கோட்டை ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு டிவி முன்னால் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மார்சி, இது டெல்ஃபின்."

"யாரு?"

"படம் பாக்கிறது. எந்தப் படம் போட்டாலும் முதல்ல கடைசிக்கு ஓட்டுறா. முடிவைப் பாத்துட்டு அப்புறமா ஆரம்பத்துக்கு வரா. நாலு படமா கவனிச்சிட்டேன். சின்ன வயசுலேந்து அவ எந்தக் கதைப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்துலேந்துதான் பிடிப்பா. உலகத்துல வேற யாருடி இப்படிப் பண்ணுவா?"

டெல்ஃபின் அவளுடைய அக்காள். இரண்டு தெரு தள்ளி, அதே கம்பியில் வீடு. இருவரும் பேசி வருஷக்கணக்காகிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

டெல்ஃபினின் மகள் ஷெரிலுக்கு ஒரு ஜனவரி மாதம் கல்யாணம் நடந்தது. பனி கொட்டும் ஜனவரியில் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஏன் இந்த அவசரம் என்று யாரும் கேட்கவும் இல்லை, பெண்ணின் கவுனைப் பார்த்தாலே தெரிந்தது. கேடுகாலம், அதே சனிக்கிழமை, அதே நேரத்தில், எங்கள் அணி ஆடிய பெரிய ஆட்டம். கடைசி நொடியில் தோற்ற அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் எங்கள் ஊரில் சாப்பிடும்போது பேசக் கூடாது. ஃப்ளோரியன் சர்ச்சில் மூன்றாவது பெஞ்சில், காதில் குட்டி ரேடியோவின் ஒயரைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொண்ணு மாப்பிள்ளை கையைப் பிடித்து வாக்குக் கொடுக்கும் நேரத்தில் "அடப்பாவிகளா!" என்று எழுந்து நின்று கத்திவிட்டான். ஆண்கள் பக்கம் முழுக்க "என்னாச்சு? என்னாச்சு?" என்று திரும்பியது. ஃபாதரே கையை உயர்த்தியபடி நிறுத்தி, "எவ்வளவு?" என்று கேட்டார். ஃப்ளோரியன் ஸ்கோர் சொன்னான். ஃபாதர் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வாக்கை வாங்கினார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது. அத்தனை தலைகளும் ஃப்ளோரியனைப் பார்க்க, ஷெரில் மட்டும் கையில் பூவோடு யாரும் பார்க்காமல் நிற்கிறாள்.

நாங்கள் சிரித்தோம். டெல்ஃபினுக்கு அது சிரிப்பாக இல்லை. சாப்பாட்டு ஹாலில் வந்து லியோனாவைப் பிடித்தாள். "உன் புருஷன் என் பொண்ணு கல்யாணத்தைச் சாராயக்கடை ஆக்கிட்டான்."

லியோனா சும்மா இருந்திருக்கலாம். "ஜனவரியில ஓட்டமா ஓடி வந்து கல்யாணம் வச்சது யாரு? அந்தப் பொண்ணு வயித்துக்கு ஆட்டம் என்னிக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். தட்டோடு வரிசையில் நின்ற நூறு பேரும் கேட்டோம். ஷெரிலும் கேட்டாள்.

அதோடு முடிந்தது. ஃப்ளோரியன் செத்தபோது டெல்ஃபின் வந்தாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், காப்பிக்கு முன் கிளம்பிவிட்டாள். கடையில் இருவரும் எதிர்ப்பட்டால் ஒருத்தி ரொட்டி வரிசைக்குத் திரும்புவாள். என் வீடு லியோனாவுக்கு எதிரே இருக்கிற பாவத்துக்கு டெல்ஃபின் என்னிடம் முடி வெட்ட வருவதையும் நிறுத்தினாள். இப்போது யாரோ ஒருத்தி அவள் தலையைப் பாழ் பண்ணுகிறாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு லியோனாவின் சாயங்காலங்கள் மாறிப்போயின. இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டு, தலை வாரி, நல்ல கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். படம் ஆரம்பித்ததும், "வந்துட்டியா?" என்பாள். படம் கடைசிக்கு ஓடும்போது கையால் கண்ணைப் பொத்திக்கொள்வாள், முடிவு தெரிந்துவிடக் கூடாதாம். நடுவில் படம் நின்றால் "பாத்ரூம் போறா" என்று தானும் எழுந்து போவாள். திரும்பி வருவதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டால், "கொஞ்சம் இருக்கக் கூடாதா? எப்பவும் உனக்கு அவசரம்தான்!" என்று கதவிலிருந்தே கத்துவாள்.

ஒருநாள் நானும் உட்கார்ந்திருந்தேன். பழைய படம், ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு சமையலறையில் நடனம் ஆடுகிறார். படம் பின்னால் போனது. மறுபடி ஆடினார். மறுபடி பின்னால் போனது.

"எங்கப்பா இப்படித்தான் ஆடுவாரு," என்றாள் லியோனா. மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கிழமை சம்பளம் வந்ததும். அவளைத்தான் முதல்ல கூப்பிடுவாரு, அப்புறம்தான் என்னை. அவளும் அதைத்தான் நினைச்சிட்டிருக்கா, பாரு."

எனக்கு எரிச்சலாக வந்தது. "அவ வீடு நடந்து போற தூரம். போய்க் கதவைத் தட்டேன்டி. சுவத்துக் கம்பி வழியா உறவு கொண்டாடுறியே, வெக்கமா இல்ல?"

"இப்ப நல்லாத்தான் இருக்கோம்," என்றாள். "பேச ஆரம்பிச்சா கெட்டுப்போயிடும்."

அவள் பயந்தாள். ஊரெல்லாம் அவளுக்குப் பயப்படும், அவள் தன் வாய்க்குப் பயந்தாள்.

நவம்பரில் திரையின் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பித்தது. மாதக் கடைசியிலிருந்து எல்லாச் சேனல்களும் பூட்டப்படும், பாக்ஸ் இல்லாதவர்களுக்கு எதுவும் தெரியாது, உடனே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. தெருவே திட்டித் தீர்த்தது. லியோனா திட்டவில்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அவள் கொள்கையை விட்டுப் பெட்டியை வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை, பெட்டி அவளுக்கு உரியதை மட்டும்தான் காட்டும். பூட்டு விழுந்த அன்றோடு அவளுடைய டெல்ஃபின் போய்விடுவாள்.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, இருட்டுகிற நேரத்தில் என் கதவைத் தட்டினாள். பனி பூட்ஸ் போட்டிருந்தாள். கையில் துணி சுற்றிய தட்டு, அதில் இனிப்பு ரொட்டி.

"படத்தை நிறுத்தி வச்சிருக்கா. கப்பல்ல ஆடுறாங்க, அப்படியே நிக்குது. இப்ப போனா படத்தைக் கெடுத்த மாதிரி இருக்காது. நீ கூட வா. நான் ஏதாவது தப்பாப் பேசினா காலை மிதி."

நடந்தோம். அந்த வருஷத்தின் முதல் பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது. லியோனா வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். "முதல்ல படத்தைப் பத்திப் பேசுவேன். அது பொதுவான விஷயம். அப்பா ஆடின மாதிரி ஒரு படம் பாத்தியேன்னு கேப்பேன். அதுலேந்து மெல்ல மத்ததுக்கு வந்துடலாம்." நான் தலையாட்டினேன். இவ்வளவு திட்டம் போட்டு அவள் எதையும் பேசி நான் பார்த்ததில்லை.

டெல்ஃபினின் வீட்டுப் படியில் ஏறும்போது பக்கவாட்டுக் கூரையைப் பார்த்தேன். டிஷ் ஆன்டெனா ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ஒயர் ஜன்னல் சட்டத்தைத் துளைத்து உள்ளே போயிருந்தது. டிஷ் இருக்கிற வீட்டில் கேபிள் எதற்கு? லியோனாவின் கையைப் பிடிப்பதற்குள் அவள் மணியை அழுத்திவிட்டாள்.

டெல்ஃபின் திறந்தாள். ஏப்ரன் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு லியோனாவைப் பார்த்தாள். "என்ன?"

"படம் நிக்குது," என்றாள் லியோனா.

"எந்தப் படம்?"

"நீ பாக்கிறியே. கப்பல்ல ஆடுறாங்களே."

"நான் எந்தப் படமும் பாக்கல. அடுப்புல முட்டைக்கோஸ் வேகுது."

"மறைக்காத டெல்ஃபின். நான் கோவப்படல. ரெண்டு மாசமா உன் கூடத்தான் உக்காந்து பாக்கிறேன். நீ முடிவை முதல்ல பாக்கிறதும் தெரியும், அப்பா மாதிரி ஆடினாரே, அதைத் திருப்பித் திருப்பிப் பாத்ததும் தெரியும்."

டெல்ஃபின் என் பக்கம் திரும்பினாள். "மார்சி, இவளுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

நான் டிஷ்ஷை அண்ணாந்து பார்த்தேன்.

"எங்க வீட்டுல கேபிளே கிடையாது," என்றாள் டெல்ஃபின், லியோனாவிடம், காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோல. "ஷெரில் புருஷன் டிஷ் மாட்டிட்டுப் போய் எத்தனையோ நாளாச்சு. பாதி நேரம் அதுமேல பனி உக்காந்துக்கும், ஒண்ணும் தெரியாது. நீ யார் கூட உக்காந்து பாத்தியோ, அது நான் இல்ல."

லியோனா கூரையைப் பார்த்தாள். டிஷ் இருந்தது. கையிலிருந்த தட்டு சாய்ந்தது, நான் பிடித்துக்கொண்டேன். இந்த இரண்டு மாதமும் அவள் யாரோ ஒருவரின் சாயங்காலத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். யாரோ முன்பின் தெரியாதவருக்காகத் தலை வாரியிருக்கிறாள். எனக்கு அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. இவள் இப்போது திரும்பி நடந்தால் இந்த ஜென்மத்தில் இன்னொரு முறை இந்தப் படியேற மாட்டாள் என்பதும் தெரிந்தது.

லியோனா திரும்பவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசலாம் என்று கொண்டுவந்த படம் போய்விட்டது. கையில் வேறு எதுவும் இல்லை.

"அன்னிக்கு ஹால்ல ஷெரிலைப் பத்திச் சொன்னேன்ல," என்றாள். "வயித்தைப் பத்தி. எல்லாரும் தட்டோட நின்னாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல. ஃப்ளோரியன் கத்தினதும் தப்பு, ஆனா அவன் முட்டாளு, ஆட்டம்னா அவனுக்குக் கண்ணு தெரியாது. நான் தெரிஞ்சுதான் சொன்னேன். நோகணும்னுதான் சொன்னேன். அது தப்பு டெல்ஃபின்."

நான் அவள் காலை மிதிக்கவில்லை. என் கண் நிறைந்துவிட்டது, மூக்கு வேறு குளிரில் ஒழுகியது.

உள்ளே முட்டைக்கோஸ் தீய்கிற வாசனை வந்தது, டெல்ஃபின் அதைக் கவனிக்கவில்லை.

"இதைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு சினிமா வேண்டியிருந்துச்சா?"

"ஆமா," என்றாள் லியோனா.

"இத்தனை வருஷம்?"

"ஆமா."

"ஃப்ளோரியன் சாவுக்கு வந்தப்போ, நீ திரும்பிப் பாப்பேன்னு பாட்டு முடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன்," என்றாள் டெல்ஃபின். குரல் உடைந்தது. "நீ திரும்பவே இல்ல."

"பாத்தா அழுதுடுவேன்னுதான்."

"அழுதா என்னடி? புருஷன் செத்திருக்கான்!"

டெல்ஃபின் கதவை விட்டு ஒதுங்கி நின்றாள். "உள்ள வந்து கதவைச் சாத்து. வீட்டுச் சூடெல்லாம் தெருவுக்குப் போகுது."

வாழ்நாளில் யார் சொன்னதையும் உடனே செய்யாத லியோனா உடனே செய்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ரொட்டித் தட்டோடு நான் படியில் நிற்கிறேன் என்பது இருவருக்குமே நினைவில்லை. கோபப்படலாமா என்று யோசித்தேன், வரவில்லை. தட்டின்மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

உள்ளே ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே குரல். எவள் அழுகிறாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.